அட்டையில் தொடங்கி மோட்டார் வரை: நகரும் பாகங்களுக்கு மாதிரி செய்யும் முறை

என் அக்கா மகள் இந்த ஆண்டு பள்ளியில் டி அண்ட் டி (டிசைன் அண்ட் டெக்னாலஜி) பாடத்துக்கு ஒரு பொருள் செய்கிறாள். சிங்கப்பூரில் பாட்டியின் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் மேல் அலமாரி எட்டாத உயரத்தில் இருக்கிறது. மசாலா டப்பா எடுக்க பாட்டி முக்காலி போட்டு ஏறுவார், ஏறும்போதெல்லாம் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் தட்டு வெளியே வந்து கீழே இறங்க வேண்டும், டப்பாக்கள் சாயக் கூடாது, இதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. "மாமா, த்ரீ-டி பிரிண்டர்ல எதை முதல்ல போடணும்?" என்று கேட்டாள். எதையும் போடாதே, முதலில் நாலு அட்டைப் பெட்டி கொண்டு வா என்றேன்.

அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளி மாணவர்களுக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்றுதான்: அசைவு சரியா, அளவு சரியா, பலம் போதுமா, மோட்டார் தாங்குமா என்ற நான்கு கேள்விகளையும் ஒரே மாதிரியில் கேட்டுவிடுகிறார்கள். அது ஓடவில்லை என்றால் நான்கில் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

முதலில் அசைவை ஒரு வரியில் எழுதுங்கள்

எது நகர வேண்டும், எங்கிருந்து எங்கே, எவ்வளவு எடையோடு, யார் கையால். எங்கள் வரி இது: 2 கிலோ டப்பாக்களோடு ஒரு தட்டு, சாயாமல், அலமாரிக்குள்ளிருந்து சுமார் 40 செ.மீ. முன்னே வந்து 35 செ.மீ. கீழே இறங்க வேண்டும், பாட்டி ஒரு கையால் இழுப்பார். இந்த வரியைச் சுவரில் ஒட்டி வையுங்கள். பிற்பாடு பற்சக்கரம் போடலாமா, கயிறும் கப்பியும் போடலாமா என்று ஆசை வரும்போதெல்லாம் இந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சாயாமல் நகர வேண்டும் என்றாலே இணைகரம் நினைவுக்கு வரும். ஒரே நீளமுள்ள இரண்டு சட்டங்கள் (இனி இவற்றைக் கைகள் என்பேன்), அலமாரிப் பக்கம் இரண்டு அச்சு, தட்டுப் பக்கம் அதே இடைவெளியில் இரண்டு அச்சு. கை எந்தக் கோணத்தில் நின்றாலும் தட்டு தன் நிலை மாறாமல் இருக்கும்.

உங்கள் வேலை வேறு மாதிரி இருந்தால், அதாவது ஒரு மோட்டார் முழுச் சுற்று சுற்ற, அதனால் இன்னொரு கை முன்னும் பின்னும் ஆட வேண்டும் என்றால், கிராஷோஃப் விதியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூட்டுகளால் வளையமாக இணைந்த நான்கு சட்டங்களில் மிகக் குட்டையானதையும் மிக நீளமானதையும் கூட்டுங்கள், அது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். குட்டையான சட்டத்தை மோட்டாரோடு பூட்டி, அதன் பக்கத்துச் சட்டத்தை அசையாமல் நிறுத்தினால் முழுச் சுற்று கிடைக்கும். இந்தக் கூட்டலைப் போடாமல் வெட்டிவிட்டு, பாதிச் சுற்றில் முட்டி நிற்கும் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அட்டை மாதிரி

காகிதத்தில் முழு அளவில் வரையுங்கள். பாதி அளவு வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். வரைந்ததை நெளி அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். அட்டைக்குள் ஓடும் நெளிவு கையின் நீளவாக்கில் இருக்கட்டும், குறுக்கே இருந்தால் கை மடங்கிவிடும். மூட்டுகளுக்கு ஸ்ப்ளிட் பின் (ஓட்டையில் செருகி இரு காலையும் விரிக்கும் ஊசி) போதும். நீளமான அச்சு வேண்டுமானால் சாத்தே குச்சியை எடுத்து, அதைச் சுற்றி உறிஞ்சுகுழல் துண்டை உறையாகப் போடுங்கள். சாத்தே குச்சி முழு வட்டமாக இருக்காது, அதனால் துல்லியம் பார்க்க அது உதவாது, அசைவு பார்க்க நன்றாகவே உதவும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எங்கள் அட்டை மாதிரி என்ன சொல்லிக் கொடுத்தது என்று பாருங்கள். கைகளின் நீளம் 30 செ.மீ. தட்டு உள்ளே இருக்கும்போது கை செங்குத்துக் கோட்டைத் தாண்டி 30 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், முழுதாக இறங்கியதும் கிடைமட்டத்துக்கு 20 டிகிரி கீழே தொங்கும். அக்கா மகள் அலமாரிப் பக்கத்து இரண்டு அச்சுகளையும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வைத்திருந்தாள், பார்க்க அதுதான் அழகு. ஆனால் இழுத்தபோது கை நேராக நிமிர்ந்த இடத்தில் சிக்கியது, கொஞ்சம் தள்ளினால் தட்டு தலைகீழாகப் புரளப் பார்த்தது. காரணம், அந்த நிலையில் நான்கு அச்சுகளும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடுகின்றன. அங்கே எந்தப் பக்கம் போவது என்று இணைகரத்துக்குத் தெரியாது, இரண்டு கைகளும் குறுக்கே மாறிக்கொள்ளவும் வழி உண்டு.

இதற்கு விடை, அச்சுகள் நிற்கும் கோட்டையே சாய்ப்பது. கை போய்வரும் பாதை மொத்தம் 140 டிகிரி, அதன் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக அந்தக் கோடு இருந்தால் இரு முனையிலும் ஆபத்தான நிலைக்கு 20 டிகிரி இடைவெளி கிடைக்கும். மேல் அச்சைப் பின்னே தள்ளி, கீழ் அச்சை முன்னே கொண்டு வந்தோம். ஊசியைப் பிடுங்கி இன்னொரு ஓட்டை போட ஒரு நிமிடம் ஆனது. இதையே அக்ரிலிக் பிளாஸ்டிக் தாளில் வெட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் லேசர் கட்டருக்கு இன்னொரு வாரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பாடமும் கிடைத்தது. அச்சுகளுக்கு இடையே 6 செ.மீ. விட்டிருந்தோம். கடைசி நிலையில் கைகள் நெருங்கி வரும்போது நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 2 செ.மீ. தான் மிஞ்சுகிறது, 2 செ.மீ. அகலக் கைகள் ஒரே தளத்தில் இருந்தால் உரசும். அதைவிட முக்கியம் ஆட்டம். மூட்டுகளில் மொத்தம் 1 மி.மீ. லூசு இருக்கிறது என்று வையுங்கள். கைகள் 6 செ.மீ. விலகி நிற்கும்போது 20 செ.மீ. தள்ளி இருக்கும் தட்டு நுனியில் அது 3 மி.மீ. சரிவாகத் தெரியும், கைகள் 2 செ.மீ. நெருங்கிய நிலையில் அதே லூசு 10 மி.மீ. ஆகிவிடும். ஆகவே அச்சு இடைவெளியை 10 செ.மீ. ஆக்கினோம். அட்டை எவ்வளவு தொளதொளவென்று இருந்தாலும் எந்த இடத்தில் அதிகம் ஆடுகிறது என்பதை அது பொய் சொல்லாமல் காட்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம், ஒரு குட்டி வீடியோ, இரண்டு வரி. தேதி போடுங்கள். மாற்றம் ஏன் என்று டிசைன் ஜர்னலில் எழுத வேண்டும், மூன்று வாரம் கழித்து நினைவிலிருந்து எழுத முடியாது. பழைய அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

சின்ன மாதிரி ஏமாற்றும்

கல்லூரியில் எங்கள் குழு ஒரு தூக்கும் கையைப் பாதி அளவில் செய்தது. சின்ன செர்வோ மோட்டாரில் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) அழகாக ஏறி இறங்கியது. அப்படியே இரண்டு மடங்கு பெரிதாக்கினோம், முதல் முறை ஏற்றும்போதே செர்வோவுக்குள் இருந்த பற்கள் மழுங்கின. கணக்கு எளிது, நாங்கள் போடவில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் எடை 8 மடங்கு. கை நீளமும் இரண்டு மடங்கு. எடையையும் தூரத்தையும் பெருக்கினால்தானே முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருப்பும் விசை, ஆக 16 மடங்கு.

எங்கள் தட்டில் போட்டுப் பாருங்கள். 2 கிலோ, 30 செ.மீ. கை, கை கிடையாக இருக்கும்போது 60 கிலோ·செ.மீ. பாதி அளவு மாதிரியில் அது 250 கிராம், 15 செ.மீ., அதாவது 3.75 கிலோ·செ.மீ. கடையில் கிடைக்கும் நீல நிற எஸ்ஜி90 செர்வோ சுமார் 1.8 கிலோ·செ.மீ. வரை தரும், உலோகப் பற்கள் உள்ள எம்ஜி996ஆர் சுமார் 10. பாதி மாதிரியை எம்ஜி996ஆர் தூக்கிவிடும், நிஜத் தட்டை அசைக்கக்கூட முடியாது. அதோடு, பெட்டியில் எழுதியிருக்கும் எண் மோட்டார் திணறி நின்றுபோகும் தருணத்து விசை. அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே நம்பி வடிவமைப்பது என் பழக்கம்.

மூட்டுதான் எல்லாம்

நகரும் பொருள் கெடுவது பெரும்பாலும் கையிலோ சட்டத்திலோ இல்லை, மூட்டில். இதற்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாலும் தகும்.

நட்டும் போல்ட்டும் வைத்து இறுக்கினால் மூட்டு பிடித்துக்கொள்ளும், தளர்த்தினால் நட்டு கழன்று விழும். நைலாக் நட்டு வாங்குங்கள், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் பாதி இறுக்கத்திலேயே நகராமல் நிற்கும். நகரும் இரண்டு பரப்புகளுக்கு நடுவில் ஒரு வாஷர் கட்டாயம். போல்ட்டின் மரை கையின் ஓட்டைக்குள் அரைக்கக் கூடாது, ஓட்டைக்குள் வரும் பகுதி மரை இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும் போல்ட்டாகப் பார்த்து எடுங்கள், அல்லது ஒரு குட்டிப் பித்தளைக் குழாயை உறையாகப் போடுங்கள்.

அச்சை ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிறுத்தாதீர்கள், இரு பக்கமும் தாங்கல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் எவ்வளவு தடித்த அச்சும் தொங்கும். எங்கள் தட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனி இணைகரம், இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பியால் இறுகப் பிணைத்தோம். அது இல்லாவிட்டால் பாட்டி ஒரு ஓரத்தைப் பிடித்து இழுக்கும்போது தட்டு கோணலாகிச் சிக்கும். இழுப்பறை சிக்குவதும் இதனால்தான். நேர்கோட்டில் சறுக்கும் பாகம் செய்பவர்கள், தாங்கும் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தள்ளி இழுக்கும் விசை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகமாகச் சுற்றும் அச்சு என்றால் பேரிங் போடுங்கள். ஸ்கேட்போர்டு சக்கரத்தில் வரும் 608 பேரிங் எங்கும் கிடைக்கும், உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. மெதுவாகப் பாதி வட்டம் மட்டும் திரும்பும் மூட்டுக்குப் பேரிங் வீண்.

பொருள் வாங்க சிம் லிம் டவர் போங்கள், கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேர் இல்லை, ஜாலான் புசாரில் இருக்கும் டவர். மோட்டார், செர்வோ, சுவிட்ச், வயர் அங்கே. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை, சனிக்கிழமை காலை நல்லது. போல்ட்டு, வாஷர், ஸ்ப்ரிங்குக்கு அந்த வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகள் உண்டு, தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். உங்கள் மாதிரித் துண்டைக் கையோடு எடுத்துப் போய் அங்கிளிடம் காட்டுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் துண்டைப் பார்த்ததும் சரியானதை எடுத்துத் தருவார்.

இனி லேசர் கட்டரும் பிரிண்டரும்

அட்டையில் அசைவு சரி, மூட்டும் முடிவாகிவிட்டது. இப்போதுதான் இயந்திரத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் முதலில் வெட்டுவது பாகத்தை அல்ல, சோதனைத் துண்டை.

லேசர் வெட்டும்போது கதிரின் அகலத்துக்குப் பொருள் ஆவியாகிவிடும், 3 மி.மீ. அக்ரிலிக்கில் சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை. ஓட்டை கொஞ்சம் பெரிதாகும், வெளிப்பாகம் கொஞ்சம் சிறிதாகும். 20 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டி வெர்னியர் காலிப்பரில் அளந்தால் உங்கள் இயந்திரத்தின் எண் தெரிந்துவிடும். 3 மி.மீ. என்று விற்கும் அக்ரிலிக் தாளும் சரியாக 3 இருக்காது, அளந்துவிட்டு வரையுங்கள். முக்கியமான எச்சரிக்கை: பிவிசியை லேசரில் வைக்கவே கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். மாடல் செய்ய விற்கும் ஃபோம் பலகைகளில் சில பிவிசிதான், என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாததை வெட்டாதீர்கள்.

த்ரீ-டி பிரிண்டரில் ஓட்டை பெரும்பாலும் வரைந்ததைவிடச் சிறிதாக வரும். 4 மி.மீ. போல்ட்டுக்கு 4.0, 4.1, 4.2 என்று 4.6 வரை ஏழு ஓட்டைகள் உள்ள ஒரு பட்டை அச்சிடுங்கள், பக்கத்தில் எண்ணையும் பொறியுங்கள். எதில் அச்சு தன் எடையிலேயே வழுக்கி விழுகிறதோ அது உங்கள் சுற்றும் மூட்டின் அளவு, எதில் தட்டி இறக்க வேண்டியிருக்கிறதோ அது நிலையான மூட்டின் அளவு. அதே பிரிண்டர், அதே பிளாஸ்டிக் இழை, அதே திசையில் அச்சிட்டால் மட்டுமே இந்த எண் செல்லும்.

திசை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட பாகம் படலங்களுக்கு நடுவில்தான் பிளக்கும். கையைப் படுக்க வைத்து அச்சிடுங்கள். நிற்க வைத்து அச்சிட்ட அச்சு விரலால் ஒடியும், அச்சுக்கு எப்போதும் உலோகக் கம்பி. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும், மதிய வெயிலில் திறந்தவெளிக் கார்நிறுத்தத்தில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் கை வளைந்திருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை நம் ஊர் ஈரப்பதத்தில் உப்பும், ஏர்கான் அறையில் கச்சிதமாகப் பொருந்தியது சமையலறையில் இறுகும், விளிம்புகளுக்கு வார்னிஷ் அடித்து வையுங்கள்.

பற்சக்கரம் தேவைப்படுபவர்களுக்குச் சுருக்கமாக: சக்கரத்தின் அளவை மாட்யூல் என்ற எண் தீர்மானிக்கிறது. மாட்யூலைப் பற்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் பல்வட்டத்தின் (இரண்டு சக்கரங்களும் தொட்டு உருளும் கற்பனை வட்டம்) விட்டம். இரண்டு சக்கரங்களும் ஒரே மாட்யூல். மாட்யூல் 2, பற்கள் 20ம் 40ம் என்றால் விட்டங்கள் 40, 80, நடுவுக்கு நடு 60 மி.மீ. அதில் 0.1 அல்லது 0.2 மி.மீ. கூட்டி வையுங்கள், பற்கள் இறுகாமல் ஓடும். சாதாரண 20 டிகிரிப் பல்லில் (பற்கள் ஒன்றையொன்று தள்ளும் கோணம் அது) 17க்குக் குறைவான பற்கள் வைத்தால் பல்லின் அடி குடையப்பட்டு மெலியும்.

எண்ணெய் விஷயத்தில் கவனம். அக்ரிலிக்கை ஆல்கஹால் கொண்டு துடைத்தால் அழுத்தம் உள்ள இடங்களில் மயிரிழை விரிசல் விடும், போல்ட்டு கழலாமல் இருக்கப் போடும் திரெட்லாக்கர் பசை பட்டாலும் அப்படியே. பிளாஸ்டிக் மூட்டுக்கு சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி போதும்.

மோட்டார் கடைசியில், வேண்டுமென்றால் மட்டும்

மோட்டார் பூட்டும் முன் ஒரு சோதனை: ஒரு விரலால் தள்ளினால் முழுப் பாதையும் சிக்காமல் போய்வர வேண்டும். போகாவிட்டால் மோட்டார் அதைச் சரிசெய்யாது, கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும், பிறகு சூடாகும்.

எங்கள் தட்டுக்கு மோட்டாரே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். 60 கிலோ·செ.மீ. விசையை மோட்டாரிடம் கேட்பதைவிட எடையை எடையால் சமன்செய்வது நல்லது. கையை அச்சுக்குப் பின்னால் 15 செ.மீ. நீட்டி 4 கிலோ தொங்கவிட்டால் 60க்கு 60, எல்லாக் கோணத்திலும் சமன். இணைகரத்தில் இன்னொரு வசதி, தட்டு திரும்பாததால் டப்பா தட்டின் முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் கையைத் தூக்கும் விசை மாறாது, மூட்டுகள் தாங்கும் சுமை மட்டுமே மாறும். சோதிக்கத் தண்ணீர் போத்தல் போதும், 1 லிட்டர் 1 கிலோ. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எந்த அளவில் கை நடுவில் நிற்கிறது என்று பாருங்கள். அலமாரிக்குள் எதிர் எடைக்கு இடம் இல்லாததால் பிற்பாடு ஸ்ப்ரிங்குக்கு மாறினோம், ஆனால் எவ்வளவு விசையுள்ள ஸ்ப்ரிங் வேண்டும் என்பதைத் தண்ணீர்தான் சொல்லிக் கொடுத்தது.

ஒரு ஆபத்தை அக்கா மகளே கண்டுபிடித்தாள். தட்டைக் கீழே இறக்கி, டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் எடை போய்விடும், ஸ்ப்ரிங் தட்டை மேலே வீசும், பாட்டியின் முகம் அங்கேதான் இருக்கும். அதனால் பாதி எடைக்கு மட்டும் சமன்செய்து, மூட்டில் தேவையான அளவு உராய்வு விட்டு, கீழ் நிலையில் ஒரு கொக்கியும் வைத்தோம். நகரும் எதைச் செய்தாலும் இதைக் கேளுங்கள்: சுமை திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும்? மின்சாரம் போனால் என்ன ஆகும்?

மோட்டார் வைப்பவர்களுக்கு இரண்டே சொல். செர்வோவுக்கு ஆர்டுயினோவின் (மோட்டாரை இயக்கக் கட்டளை தரும் சிறு மின்பலகை) 5 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள், தனி பேட்டரி, இரண்டின் கிரவுண்டும் (மைனஸ் முனை) இணைந்திருக்க வேண்டும். சுமையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு பற்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) பாருங்கள், பெரும்பாலானவை மின்சாரம் நின்றாலும் பின்னோக்கிச் சுழலாது.

ஓட்டிப் பார்ப்பது

ஐந்து முறை ஓடினால் அது ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை. 200 முறை இழுத்து விடுங்கள், ஒவ்வொரு 50க்கும் நின்று தட்டு நுனியின் ஆட்டத்தை அளந்து எழுதுங்கள். எங்களுக்கு 50ல் 3 மி.மீ., 100லும் அதே, 150ல் 5. எந்த மூட்டு என்று தேடினால், ஒரு இடத்தில் வாஷர் போட மறந்திருந்தோம், அக்ரிலிக் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது.

அதற்கு அப்புறம் பயன்படுத்தப் போகிறவரிடம் கொடுங்கள், எப்படி இழுப்பது என்று சொல்லித் தராதீர்கள். பாட்டி கைப்பிடியைத் தொடவே இல்லை, நேராகத் தட்டின் ஓரத்தைப் பிடித்தார், தட்டைத் தாங்கும் இரண்டு சட்டங்களும் நெருங்கி வரும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் விரல். அன்று மாலையே அந்த இடத்துக்கு ஒரு மூடி வெட்டினோம், கைப்பிடியைத் தட்டின் முழு நீளத்துக்கும் நீட்டினோம்.

காட்ட எடுத்துப் போகும் நாளில் ஒரு சின்னப் பையில் கூடுதல் நைலாக் நட்டு நான்கு, வாஷர், ஒரு ஸ்ப்ரிங், பொருத்தமான ஸ்பேனர் போட்டுக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு போகும்போது பொருளின் கைகளை ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள், நகர்வதற்காகச் செய்தது வழியிலும் நகரும்.